ரயிலில் ஒரு சிலேட்டுப் பலகை

"டேப்லட்டை எடுத்துக் கொண்டீர்களா?" என்று இல்லத்தரசி வாசற்படியில் நின்று கேட்டபோது, நாம் பெருமிதத்துடன் தோள்பையைத் தட்டிக் காட்டினோம். செங்கற்பட்டு தாண்டிய பிறகுதான், அம்மணி விசாரித்தது பையிலிருந்த கைக்கணினியைப் பற்றி அல்ல, இரத்த அழுத்தத்துக்கு நாள்தோறும் விழுங்க வேண்டிய மாத்திரையைப் பற்றி என்பது நமக்கு உதயமாயிற்று. இரண்டுக்கும் ஒரே பெயரைச் சூட்டிய புண்ணியவான் தமிழ்க் குடும்பங்களின் க்ஷேமத்தைச் சற்றும் நினைத்துப் பார்க்கவில்லை! ஆகையால் இந்தக் கட்டுரையில் அந்தக் கருவியைப் 'பலகை' என்றே அழைப்போம். பார்வைக்கும் அது, நாம் ஒன்றாம் வகுப்பில் சுமந்து சென்ற சிலேட்டுப் பலகையைப் போலவே இருக்கிறது.

நாம் ஏறியிருந்தது சென்னையிலிருந்து திருச்சிக்குப் பகல் வேளையில் செல்லும் சோழன் விரைவு ரயில். எழுதுகிறவர்களுக்கு அதைக் காட்டிலும் உகந்த வண்டி இல்லையென்பது நம் அபிப்பிராயம். ஜன்னலுக்கு வெளியே ஏரியும், கரும்பும், முந்திரித் தோப்பும், பிறகு காவிரி நாட்டின் வயல்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போகும். முன்னெல்லாம் இவற்றைக் குறிப்புப் புத்தகத்தில் பென்சிலால் எழுதுவோம். வண்டி குலுங்கும் குலுங்கலில் 'கொக்கு' என்று எழுதியதை வீட்டுக்கு வந்து 'கெக்கு' என்று படித்துத் திகைப்போம். மடிக்கணினியோ மடியில் கனத்துச் சூடேறும். பக்கத்துப் பிரயாணியின் சாப்பாட்டுப் பொட்டலத்துக்கு இடமிராது.

பலகையின் எடை ஏறக்குறைய அரைக் கிலோ. மூடியைத் திருப்பினால் அதுவே முட்டாகவும் விசைப்பலகையாகவும் ஆகிவிடுகிறது. தொலைபேசி அலை கிடைக்காத இடத்திலும் எழுதுவதற்குத் தடையில்லை. குறைகளும் உண்டு. வெயில் நேராக விழுந்தால் எழுத்து மறைந்து நம் முகமே தெரியும். அது எப்போதும் ரசிக்கத்தக்க காட்சியன்று. கண்ணாடியில் தோன்றும் விசைகளைத் தட்டினாலோ அவை திரையில் பாதியை விழுங்கி விடுகின்றன.

விழுப்புரத்தில் ஒரு வாலிபர் வந்து எதிரே அமர்ந்தார். அவரும் கையில் ஒரு பலகை வைத்துக் கொண்டு, தம் தாயாருக்குத் தமிழில் கடிதம் எழுதினார். சந்தோஷம்! ஆனால் அவர் விரல்கள் ஆங்கில எழுத்துக்களின் மேலல்லவா ஓடின! ஏ, எம், எம், ஏ என்று தட்டி, 'அம்மா'வை வரவழைத்தார். அவரைக் குறை கூற மாட்டோம்; தமிழில் எழுதுகிறாரே, அதுவே பெரிது. ஆயினும் தாயைக் கூப்பிடுவதற்கு அடுத்த வீட்டுத் திண்ணையில் ஏறி நின்று கூப்பிடுவானேன்?

1999-ஆம் ஆண்டில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டின் பயனாகத் 'தமிழ் 99' என்ற விசைப்பலகை அமைப்பு நமக்குக் கிடைத்தது. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, புள்ளி ஒன்று, ஆக 31 விசைகளில் 247 எழுத்துக்களும் அடங்கி விடுகின்றன. உயிர் இடக்கைக்கு, மெய் பெரும்பாலும் வலக்கைக்கு. அ, ம, ம, ஆ என்று தட்டினால் 'அம்மா' வந்து நிற்கிறாள். ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்தின் தலையில் புள்ளி தானாகவே ஏறிக் கொள்கிறது. 'ந'வுக்குப் பின் 'த' வந்தாலும் அப்படியே. பத்து நாள் பழகினோம். பிறகு விரல்கள் தமிழிலேயே யோசிக்கத் தொடங்கி விட்டன. வாலிபருக்குக் காட்டினோம். சிதம்பரத்தில் இறங்குவதற்குள் தம் பெயரைப் பிழையின்றி எழுதி விட்டார்!

கொள்ளிடம் தாண்டி மாயவரம், அதாவது இன்றைய மயிலாடுதுறை, நெருங்கியபோது நம் உற்சாகம் சற்றுக் குன்றியது. அதற்குக் காரணம் உண்டு.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே மார்க்கமாகக் கும்பகோணத்துக்குச் சென்றிருந்தோம். அங்கே எண்பத்தேழு வயதான நம் அத்தை இருந்தார். மூன்று நாள் அவர் ஊஞ்சலில் அமர்ந்து சொல்லிக் கொண்டே போனார். நாம் கீழே பாயில் உட்கார்ந்து பலகையில் எழுதிக் கொண்டே இருந்தோம். தாலாட்டுக்கள், விடுகதைகள், காவிரியில் புது வெள்ளம் வரும் நாளில் வீட்டில் நடந்தவை, சின்ன வயதில் இறந்துபோன தங்கையின் கதை, கும்பகோணம் கடப்பா செய்யும் பக்குவம் எல்லாமாக நாற்பது பக்கம் சேர்ந்தது.

மூன்றாம் நாள் மாலை அத்தை கேட்டார்: "ஏண்டா, சிலேட்டு மாதிரி இருக்கிறதே, துடைத்தால் எல்லாம் போய்விடுமோ?"

"அழியவே அழியாது, அத்தை!" என்று நாம் சிரித்துக் கொண்டே சொன்னோம்.

திரும்பும் வழியில், மாயவரம் நிலையத்தில் காப்பி வாங்குவதற்காக வாசலுக்கு வந்தோம். அக்குளிலிருந்த பலகை நழுவிப் படியில் மோதித் தண்டவாளத்தில் விழுந்தது. பழுது பார்ப்பவர், "கண்ணாடியை மாற்றித் தரலாம், உள்ளே இருந்தவற்றை மீட்க முடியாது" என்று கையை விரித்து விட்டார். எழுதியதற்கு வேறு பிரதி கிடையாது. மீண்டும் போய்க் கேட்டு எழுதலாம் என்று நாளைத் தள்ளிக் கொண்டே இருந்தோம். சென்ற பங்குனியில் அத்தை காலமானார்.

நாற்பது பக்கத்தில் இன்று எஞ்சியிருப்பது ஒரு பக்கம். கடப்பாவின் பக்குவத்தை மட்டும் அன்றிரவே நம் புதல்விக்கு அனுப்பியிருந்தோம். அது அவளிடம் பத்திரமாக இருக்கிறது. தாலாட்டுப் போயிற்று, பாசிப் பருப்பும் உருளைக்கிழங்கும் மிஞ்சின.

இதே மாயவரத்தில்தான் உ. வே. சாமிநாதையர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டார். இதே கும்பகோணத்தில்தான் 1880-இல் கல்லூரித் தமிழாசிரியராக அமர்ந்தார். பழந்தமிழ் ஏடுகளைத் தேடி அவர் ஊர் ஊராக அலைந்தார். ஏடுகளில் மெய்க்குப் புள்ளி இராது. எகர ஏகார வேற்றுமையும் தெரியாது. இன்று விசையைத் தட்டினால் தானாக ஏறிக் கொள்ளும் அந்தப் புள்ளியை, அவர் ஒவ்வொன்றாக யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில், பழைய ஏடுகளைத் தீயிலிட்டு விட்டார்கள் என்ற செய்தியைக் கேட்டு அவர் உள்ளம் துடித்தது. ஒரே நூலுக்குப் பல பிரதிகளைத் தேடி ஒப்பிட்டு, 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் அச்சேற்றினார். பனை ஓலையின் உறுதியால் மட்டும் அவை நமக்கு வந்து சேரவில்லை. கறையான் அரிக்கு முன் யாரோ ஒருவர், முகமறியாத ஒருவர், உட்கார்ந்து இன்னொரு பிரதி எழுதி வைத்ததால் வந்து சேர்ந்தன. அந்த ஒருவராக இருக்க நாம் தவறி விட்டோம்.

கும்பகோணத்தில் வண்டி நின்றபோது இறங்கவில்லை. இறங்கி யார் வீட்டுக்குப் போவது? பாபநாசம் தாண்டித் தஞ்சாவூரை அடைந்தோம். முதற்காரியமாக ஒரு மருந்துக் கடையில் மாத்திரையை வாங்கி விழுங்கினோம்.

மாலையில் பெரிய கோயிலுக்குச் சென்றோம். 1010-இல் இராஜராஜன் கட்டி முடித்த அந்தக் கோயிலில், அவன் கொடுத்தவையும் அவன் தமக்கை குந்தவை கொடுத்தவையும் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. கோயில் பணிக்கென்று வந்த நானூறு ஆடல் மகளிரின் பெயர்களும் இருக்கின்றன. யார், எந்த ஊரிலிருந்து வந்தவள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீட்டில் இருந்தாள் என்பது ஆயிரம் ஆண்டு கடந்தும் தெரிகிறது. நம் அத்தை மூன்று நாள் சொன்னது இரண்டு ஆண்டு தங்கவில்லை.

மதில் நிழலில் அமர்ந்து பலகையைத் திறந்தோம். அத்தை சொன்னவற்றில் நினைவிலிருந்ததை எழுதத் தொடங்கினோம். ஒரு தாலாட்டின் முதலடி வந்தது; இரண்டாம் அடி வரவில்லை. விடுகதைகளில் மூன்று வந்தன. தங்கையின் பெயர் வந்தது. விளக்கேற்றும் நேரம் வரையில் ஆறு பக்கம் தேறியது. அங்கேயே அதைப் புதல்விக்கு ஒரு பிரதி, தம்பிக்கு ஒரு பிரதி அனுப்பினோம். சென்னை திரும்பியதும் தாளில் அச்சிட்டுப் பெட்டியிலும் வைத்து விட்டோம்.

நேயர்களே! உங்கள் வீட்டு ஊஞ்சலிலும் ஒரு பாட்டியோ அத்தையோ அமர்ந்திருக்கலாம். பலகையோ, காகிதமோ, கைக்குக் கிடைத்ததை எடுத்துக் கொண்டு கீழே உட்காருங்கள். தமிழிலேயே எழுதுங்கள். அன்றிரவு தூங்கப் போகுமுன் இன்னொரு பிரதி எடுத்து வையுங்கள். கடப்பாவைப் பிறகு பார்த்துக் கொள்ளலாம். தாலாட்டை முதலில் அனுப்புங்கள்.