பலாவைத் தட்டிய கை, படகைத் தட்டியபோது...

கொல்லிமலையில் பலாப்பழத்தைக் கண்ணால் மட்டும் பார்த்து யாரும் வாங்குவதில்லை. விரலை மடக்கித் தட்டுவார்கள். 'டண் டண்' என்று கேட்டால் இன்னும் நாளாகும். 'தொப் தொப்' என்று கேட்டால் உள்ளே சுளை பழுத்துவிட்டது. 50 வருடமாகப் பலாவைத் தட்டிப் பழகிய மலை விவசாயி ஒருவர், 40,000 ரூபாய் கொடுத்து ஒரு பழைய ஃபைபர் படகு வாங்கினார். அதை மட்டும் அவர் தட்டிப் பார்க்கவில்லை. பெயின்டைப் பார்த்து வாங்கிவிட்டார்.

மலைக்காரருக்குப் படகு எதற்கு?

செம்மேட்டுக்குப் பக்கத்தில் அவருக்கு இரண்டு ஏக்கர். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி, நிழலில் காபி, ஓரத்தில் பலா, மேட்டில் மரவள்ளி. மகளும் மருமகனும் மலையை விட்டு இறங்கி, சேலம் மாவட்டம் பூலாம்பட்டியில் குடியேறினார்கள். எதிர்க்கரையில் இருக்கும் நெரிஞ்சிப்பேட்டை ஈரோடு மாவட்டம். நடுவில் கதவணையில் தேங்கி நிற்கிற காவிரி. இரண்டு ஊருக்கும் இடையே விசைப்படகு ஓடுகிறது. ஆளோடு மோட்டார் சைக்கிளும் ஏறும்.

பேத்தியின் பள்ளிக்கூடம் இக்கரையில். மருமகன் குத்தகைக்கு எடுத்த ஒன்றரை ஏக்கர் வாழை அக்கரையில். களையெடுக்க நாலு பெண்கள், உர மூட்டை, கன்று, தார் என்று தினமும் ஆற்றைத் தாண்டியாக வேண்டும். சாலையில் சுற்றிப் போகலாம். வண்டி வாடகையும் ஏற்று இறக்கு கூலியும் சேர்ந்தால் தாரில் கிடைக்கிற லாபம் அதிலேயே போய்விடும். "சொந்தமா ஒரு சின்னப் படகு இருந்தா போதும் மாமா" என்றார் மருமகன். நீச்சல் தெரியாத மாமனார், அந்த வருட மிளகுப் பணத்தை எடுத்துக் கொடுத்தார்.

படகு வந்தது கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து. 18 அடி. 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடற்கரையில் ஃபைபர் படகுகள் பெருகின. கட்டுமரம் வைத்திருந்த பலர் அப்போதுதான் ஃபைபருக்கு மாறினார்கள். அப்படி ஓடித் தேய்ந்த பழைய படகுகள் கைமாறி உள்நாட்டு ஏரி, அணைகளுக்கும் வருகின்றன. விற்றவர் புதிதாகப் பெயின்ட் அடித்து வைத்திருந்தார். அவுட்போர்டு இன்ஜினை ஒரு டிரம் தண்ணீரில் இறக்கி இரண்டு நிமிடம் ஓட்டிக் காட்டினார். ஓடியது. பணம் கைமாறியது.

எடை கூடிய படகு

வந்த அன்று ஆறு பேர் படகைத் தூக்கிக் கரையில் வைத்தார்கள். இரண்டு மாதம் கழித்து எட்டுப் பேர் சேர்ந்தும் அசைக்க முடியவில்லை. படகுக்குள் தண்ணீர் தேங்கியிருக்கவில்லை. தரை காய்ந்துதான் இருந்தது. ஆனாலும் கனத்தது. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மலையிலிருந்து வந்த ஒரு வாரத்தில் நீல பெயின்ட் வாங்கி, பழைய பெயின்டின் மேலேயே இன்னொரு கை பூசினார். பக்கவாட்டில் மஞ்சள் கோடு போட்டு, பேத்தியின் பெயரையும் எழுதினார்.

பெயின்ட் காய்ந்ததா என்று பார்க்கத்தான் பின்பக்கம் கையை வைத்தார். பழக்கதோஷம், விரலை மடக்கித் தட்டினார். பக்கச்சுவர் 'டண்' என்றது. இன்ஜின் மாட்டியிருந்த பின்பலகை 'தொப்' என்றது. நகர்ந்து நகர்ந்து தரை முழுவதும் தட்டினார். பாதித் தரை 'தொப்'. பலாவில் அந்தச் சத்தம் வந்தால் சந்தோஷம். படகில் அந்தச் சத்தம் எதற்கு?

மறுநாள் கிரைண்டரால் ஒரு சதுரம் அறுத்துப் பார்த்தார்கள். ஃபைபர் அழுகாது. ஆனால் பின்பலகையில் இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவே பிளைவுட் வைத்திருப்பார்கள். இன்ஜினின் கனத்தையும் தள்ளு விசையையும் தாங்குவது அதுதான். இன்ஜின் போல்ட் ஓட்டை வழியே வருடக்கணக்காகத் தண்ணீர் இறங்கி, அந்தப் பலகை ஈரமான காபித்தூள் மாதிரி கையோடு வந்தது. தரைக்கு அடியில், மூழ்காமல் இருக்க அடைத்திருந்த ஃபோம், பஞ்சு போலத் தண்ணீரைக் குடித்திருந்தது. வெட்டி எடுத்துத் தராசில் வைத்தார்கள். 74 கிலோ. அதே இடத்தை அடைக்கப் பின்னால் வாங்கிய புது ஃபோம் 4 கிலோ.

முந்தைய ஞாயிற்றுக்கிழமை அந்தப் படகில் களையெடுக்கும் நாலு பெண்களும் மகளும் பேத்தியும் அக்கரைக்குப் போய் வந்திருந்தார்கள். பின்பலகை நடு ஆற்றில் பிய்ந்திருந்தால் இன்ஜின் போகும். அது போன இடத்தில் தண்ணீர் ஏறும். மிதக்க வைக்க வேண்டிய ஃபோமே படகைக் கீழே இழுக்கும். அன்று இரவு அவர் படுக்கவில்லை. மகளிடமும் ஒன்றும் சொல்லவில்லை. விடிந்ததும் இன்ஜினைக் கழற்றி வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டார்.

காயவிடுவதுதான் பாதி வேலை

கடற்கரையிலிருந்து ஒரு ஃபைபர் மேஸ்திரியை வரவழைத்தார்கள். அவர் பார்த்ததும் சொன்னது இதுதான்: "பெரியவரே, மேட், ரெசினெல்லாம் அப்புறம். முதல்ல காயட்டும். ஈரத்து மேல ஒட்டுனா ஆறே மாசத்துல உரிஞ்சிரும்."

பங்குனி, சித்திரை வெயிலில் படகு திறந்தபடி கிடந்தது. ராத்திரிப் பனிக்குத் தார்ப்பாய். காய்ந்ததா என்று தெரிந்துகொள்ள மேஸ்திரி சொல்லிக்கொடுத்த வழி எளியது. ஒரு பாலித்தீன் தாளைத் தரையில் விரித்து நாலு ஓரமும் டேப் ஒட்டி வெயிலில் விட வேண்டும். தாளுக்கு அடியில் வியர்த்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. 20 நாள் வியர்த்தது. 30-ம் நாளும் ஒரு மூலையில் வியர்த்தது.

மருமகனுக்குப் பொறுமை போய்விட்டது. "தார் முத்திருச்சு மாமா. ஆடிக்குள்ள தண்ணியில இறக்கலேன்னா இந்த வருசக் குத்தகையே நிக்காது." மாமனார் நிதானமாகச் சொன்னார்: "அறுத்த நெல்லை ஈரத்தோட மூட்டை போட்டா என்ன ஆகும் மாப்பிள்ளை? அவசரத்துக்குப் புழுங்கும். இதுல புழுங்கப்போறது நெல்லு இல்ல." அந்தப் பருவத் தாரை வாடகைப் படகில்தான் ஏற்றினார்கள். நஷ்டம்தான். 41-ம் நாள் தாள் வியர்க்கவில்லை.

அதன் பிறகு வேலை வேகமாக நடந்தது. அழுகியதை முழுக்கச் சுரண்டி எடுத்தார்கள். அறுத்த ஓரத்தைச் செங்குத்தாக விடவில்லை. ஃபைபரின் கனத்தைப் போல 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்தார்கள். அந்தச் சரிவில்தான் புது அடுக்கு பிடித்துக்கொள்ளும். கண்ணாடி இழைத் தூசு நுரையீரலுக்குக் கெடுதி என்பதால் முகமூடி, கண்ணாடி, முழுக்கைச் சட்டை இல்லாமல் மேஸ்திரி யாரையும் பக்கத்தில் விடவில்லை.

ரெசின் கலக்கும்போது அவர் காட்டிய கண்டிப்பு இன்னும் அதிகம். முதலில் ரெசினில் கோபால்ட்டை ஊற்றி நன்றாகக் கலக்க வேண்டும். அதன் பிறகுதான் கேட்டலிஸ்ட். 100 கிராம் ரெசினுக்கு 1 முதல் 2 கிராம் போதும். கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் ஒருபோதும் நேருக்கு நேர் சேர்க்கக் கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். பூச்சி மருந்து இரண்டை ஒரே டேங்கில் கண்டபடி கலக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்ஜினில் பெரிய கோளாறு இல்லை. தண்ணீர் இழுக்கும் ரப்பர் இம்பெல்லரின் இதழ்கள் ஒடிந்திருந்தன. டிரம்மில் இரண்டு நிமிடம் ஓட்டியபோது சூடேற நேரமில்லாததால் அது தெரியவில்லை. கிணற்று மோட்டாரைத் தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் என்ன ஆகுமோ, இங்கேயும் அதுதான். இன்ஜின் ஓடும்போது பக்கத்தில் சின்னத் துளையிலிருந்து தண்ணீர் பீச்ச வேண்டும். பீச்சவில்லை என்றால் உடனே நிறுத்த வேண்டும். புது போல்ட் ஓட்டைகளின் உட்புறம் முழுக்க ரெசின் பூசி அடைத்த பிறகே இன்ஜினை மாட்டினார்கள்.

மொத்தச் செலவு 46,000 ரூபாய். படகு வாங்கிய விலையை விட அதிகம்.

மனிதருக்கு முன் மணல் மூட்டை

படகு தயாரானதும் முதலில் ஏறியது ஆட்கள் இல்லை. உரச் சாக்குகளில் மணலை நிரப்பி, 50 கிலோ எடை போட்டு, எட்டு மூட்டை ஏற்றினார்கள். இடுப்பளவு தண்ணீரில் ஒரு பகல் முழுவதும் நிறுத்தினார்கள். தண்ணீர் எதுவரை ஏறுகிறது என்று பார்த்து வெளியே சிவப்புக் கோடு போட்டார்கள். பிறகு மூட்டைகளை ஒரே பக்கமாக நகர்த்திப் பார்த்தார்கள். ஐந்தாவது மூட்டையில் படகு பயமுறுத்தும் அளவுக்குச் சாய்ந்தது. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் கவிழ்ந்ததும் ஃபைபர் படகுதான். 45 பேர் இறந்தார்கள். பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டதும் அப்போது காரணங்களில் ஒன்றாகப் பேசப்பட்டது. ஃபைபர் படகு உறுதியாக இருந்தால் மட்டும் போதாது, ஏறுகிறவர்களும் கட்டுப்பாட்டோடு இருக்க வேண்டும். ஐந்து பேருக்கு மேல் ஏற்றுவதில்லை, லைஃப் ஜாக்கெட் போடாதவருக்கு இடமில்லை என்று அன்றைக்கே முடிவானது. இன்ஜின் பொருத்திய படகுக்கு உள்நாட்டு நீர்க்கலங்கள் சட்டம், 2021-ன் படி ஆய்வும் பதிவும் வேண்டும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. விற்றவரிடம் வாங்கிய எழுத்து மட்டும் போதாது. அந்தக் காகித வேலைக்கும் ஒரு மாதம் அலைந்தார்கள்.

ஆடி பிறந்தது. மேட்டூரிலிருந்து உபரி நீர் திறந்துவிட, பூலாம்பட்டியில் படகுப் போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள். புதிதாக மினுங்கிய படகு கரையில் கட்டிக் கிடந்தது. பதினெட்டாம் பெருக்கு அன்று பேத்தி அழுதாள். "உன் பேரு எழுதுன படகுதான் கண்ணு, அதனாலதான் இன்னிக்குப் போகாது" என்று சொல்லிவிட்டுத் தாத்தா கயிற்றை இன்னொரு முடிச்சு போட்டு இறுக்கினார். தண்ணீர் வடிந்து, போக்குவரத்து தொடங்கிய பிறகுதான் படகை அவிழ்த்தார்கள்.

இப்போது பூலாம்பட்டிப் பக்கம் பழைய ஃபைபர் படகு வாங்க நினைப்பவர்கள் அவரிடம் யோசனை கேட்கிறார்கள். பெரிதாக ஒன்றும் சொல்வதில்லை. "புது பெயின்ட் அடிச்சிருந்தா சந்தேகப்படுங்க. பின்னாடி தட்டுங்க, தரையைத் தட்டுங்க. இன்ஜினை அரை மணி நேரம் ஓட்டச் சொல்லுங்க. வாங்குற விலை அளவுக்கு ரிப்பேருக்கும் கையில வச்சுக்கங்க. காகிதம் கேளுங்க." அவ்வளவுதான்.

மாதம் ஒருமுறை காரவள்ளிக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, பேருந்து மாறி மகள் வீட்டுக்கு வருகிறார். பையில் மிளகும் பலாச்சுளையும் இருக்கும். வீட்டுக்குள் போகும் முன் நேராகப் படித்துறைக்குப் போய், படகின் பின்பலகையை விரல் மடக்கித் தட்டுகிறார். 'டண்' என்று கேட்ட பிறகுதான் கை கால் கழுவிக்கொண்டு வீட்டுக்குள் நுழைகிறார்.