பனித் துளையும் பாடு முறையும்

குளிர்காலம் வந்துவிட்டால், டொரண்டோ நகரைச் சுற்றி வாழும் நம்மவர் குடும்பங்களுட் சில, விடுமுறை நாட்களில் வடக்கே சிம்கோ ஏரிக்குச் செல்வதைக் காண்கிறோம். 722 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்த ஏரி, கடுங்குளிரில் இறுகிக் கல்தளம் போலாகிவிடுகிறது. அதன்மீது நின்று, வட்டமாகத் துளையிட்டு, தூண்டிலை இறக்கி மீன் பிடிப்பது இந்நாட்டார் வழக்கம். நம் பிள்ளைகளும் அதில் ஆர்வம் கொண்டிருப்பது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும், இது தொடர்பாக இரண்டு செய்திகளை அன்பர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம். ஒன்று கருவியைப் பற்றியது. மற்றொன்று நடத்தையைப் பற்றியது.

கடையில் ‘ஆகர்’ என்று கேட்டு வாங்கும் பனித் துரப்பணம், நம் தச்சர்கள் மரத்தில் துளையிடும் தமரைப் போன்றதே, அளவில்தான் பெரியது. துளை இறங்கவில்லை என்றதும், இயந்திரம் பழுதாகிவிட்டது என்று பலர் முடிவு கட்டிவிடுகின்றனர். பெரும்பாலும் பழுது இயந்திரத்தில் இல்லை, அலகு மழுங்கியிருக்கும். பனியோடு கலந்த மணல் சிறிது உரசினாலும் அலகின் கூர்மை போய்விடும். அலகுகளை இணையாகவே மாற்றவேண்டும். ஒன்று புதிதாகவும் மற்றொன்று பழையதாகவும் இருந்தால் துரப்பணம் ஆடும். வேலை முடிந்ததும் ஈரத்தைத் துடைத்து உறையிடவேண்டும். இல்லையேல் அலகின்மேல் நீர் உறைந்து, அடுத்த துளையில் அது பனியைப் பற்றாது. அவ்வாறு உறைந்ததைத் தரையில் தட்டி உடைப்பதும் தவறு, அலகு பிசகிவிடும்.

பெட்ரோலால் ஓடும் துரப்பணம் கிளம்பாவிட்டால், சென்ற ஆண்டின் எண்ணெய் தொட்டியில் தங்கிக் கார்புரேட்டரை அடைத்துக்கொண்டதா, ஸ்பார்க் பிளக் நனைந்துவிட்டதா என்று முதலில் பார்க்கவேண்டும். பாட்டரியால் இயங்குவதாயின், அந்தப் பாட்டரியை மேலங்கிக்குள் வெதுவெதுப்பாக வைத்திருத்தல் நலம்; குளிரில் அதன் வலிமை குன்றிவிடும். இவை எல்லாவற்றிற்கும் முன்னதாகப் பனியின் கனத்தை அறியவேண்டும். மனிதர் நடப்பதற்குத் தெளிந்த பனி 10 சென்டிமீட்டரேனும் இருத்தல் வேண்டும். வெண்ணிறப் பனியாயின் அதைப்போல் இருமடங்கு வேண்டும். கரையிலிருந்து செல்லச் செல்ல, இடையிடையே துளையிட்டு அளந்து பார்ப்பதே அறிவுடைமை.

கருவியைச் செப்பம் செய்துவிடலாம். நடத்தையைச் செப்பம் செய்வதே அரிது. சென்ற குளிர்காலத்தில், இந்நாட்டு முதியவர் ஒருவர் தனியே அமர்ந்து தூண்டிலிட்டுக் கொண்டிருந்தார். அவருக்கு நல்ல மீன் கிடைப்பதைக் கண்ட நம் இளைஞர் சிலர், அவருக்கு இரண்டு முழத் தொலைவிலேயே பெருத்த ஓசையுடன் நான்கு துளைகளை இட்டனர். அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. தம் பொருள்களைச் சுருட்டிக்கொண்டு சென்றுவிட்டார். அந்த இளைஞர் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. உரிமச் சீட்டு அவர்களிடம் இருந்தது. தூண்டில் எண்ணிக்கையும் சரியாகவே இருந்தது. ஆயினும், பார்த்திருந்த நம்மவர்க்குத் தலை குனிந்தது.

எங்கள் குடும்பம் தடாவிலிருந்து வந்தது. 1953-ஆம் ஆண்டில் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது எல்லைக்கு அப்பால் நின்ற ஊர் அது. நெல்லூர் மாவட்டத்தில் இருந்து, 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. அதன் கிழக்கே பழவேற்காட்டு ஏரி பரந்து கிடக்கிறது. அவ்வேரியின் தென்பகுதியில், தமிழ்நாட்டு மீனவக் குப்பங்களில், ‘பாடு’ என்னும் முறை நெடுங்காலமாக இருந்து வருகிறது. கடலும் ஏரியும் கூடும் முகத்துவாரத்தின் அருகே இறால் மிகுதி. பிற இடங்களில் குறைவு. அவரவர் விருப்பம்போல் வலை கட்டலாம் என்று விட்டால், வலியவனுக்கே நல்ல இடம் கிடைக்கும். ஆதலால் குப்பத்தார் ஒன்றுகூடிச் சீட்டுக் குலுக்கி, இன்ன நாளில் இன்ன இடம் இன்னாருக்கு என்று வகுத்துக்கொள்கின்றனர். இம்முறை நல்ல இடம் பெற்றவர் அடுத்த முறை வேறிடம் செல்வார். இலங்கையில் நீர்கொழும்புக் களப்பின் கட்டுவலை மீனவரிடையேயும் இத்தகைய சீட்டு முறை உண்டு. 1958-ஆம் ஆண்டில் அதற்கு அரசினரே விதிகள் வகுத்தனர்.

பாடு முறையிலும் குறை உண்டென்பதை மறைத்தல் ஆகாது. குறிப்பிட்ட குப்பங்களுக்கும் குலத்தார்க்கும் மட்டுமே அவ்வுரிமை என்றிருந்தமையால், அதே ஏரியை நம்பி வாழும் பிறர் வெளியே நின்றனர், தங்களுக்கும் பங்கு வேண்டுமென்று கேட்டனர், பூசல்களும் நேர்ந்தன. வெளியே நிற்பதன் வருத்தம் புலம்பெயர்ந்த நமக்குப் புதிதன்று. இங்கோ, பிறப்பும் குலமும் கேளாமல், உரிமச் சீட்டு ஒன்றைப் பெற்றுக்கொண்டு ஏரியில் இறங்க நம்மையும் விட்டனர். பழவேற்காட்டில் பலர் கேட்டும் எளிதில் கிட்டாத ஒன்று நமக்குக் கேளாமலே கிட்டியிருக்கிறது. அதன் அருமையை அறிந்து நடக்கவேண்டாவா?

நவம்பர் மாதத்தை ஒட்டி வரும் மான் வேட்டைப் பருவத்திற்கும் இது பொருந்தும். ஊரில், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மான் வேட்டை குற்றம். இங்கு அது உரிமம் பெற்றுச் செய்யும் செயல். உரிமம் பெற்றுச் செல்லும் நம்மவர், நிலத்துக்குரியவரின் இசைவைக் கேட்டுப் பெறுக. ஐயத்தோடு குண்டு விடாதிருக்க. அடிபட்ட மானைக் காட்டில் துடிக்க விட்டுவிட்டு வேறொன்றைத் தேடாதிருக்க. முதலில் வீழ்த்தியவர் மற்றொருவர் என்றால், அதை மனமார ஒப்புக்கொள்க.

பனி ஏரியில் சீட்டுக் குலுக்குவார் இல்லை. இடம் வகுத்துத் தரும் ஊர்க்கூட்டமும் இல்லை. நம் முறையை நாமே உணர்ந்து நிற்கவேண்டும். பக்கத்தில் ஒருவர் இருந்தால், “ஐயா, இங்கே துளையிடலாமா?” என்று ஒரு சொல் கேட்பது பெரிய காரியமன்று. விட்டுச் செல்லும் துளையருகே ஒரு குச்சியை நட்டு வைத்தால், பின்வரும் குழந்தையின் கால் அதில் இறங்காது. வரும் தை மாதத்தில் சிம்கோவுக்குப் புறப்படும் பெற்றோர், அலகைத் தீட்டும்போதே பிள்ளைகளை அருகில் அமர்த்தி, பாடு முறையையும் சொல்லி வைப்பார்களாக.