விழும் மரமும் வெட்டும் மரமும்

ஐப்பசி மழை பிடித்ததும் சாலையோர மரங்களின் நினைவு எல்லோருக்கும் வந்துவிடும். கிளை முறிந்து கரண்ட் கம்பி அறுந்தது, ஆட்டோ மேல் மரம் சாய்ந்தது என்று செய்தி வரும். மறுநாள் ரம்பத்தோடு ஆட்கள் வருவார்கள். தை பிறந்தால் எல்லாம் மறந்துபோகும்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் படுத்துவிட்டன. அந்தக் காற்றுக்குத் தென்னையை யாரும் காப்பாற்றியிருக்க முடியாது. ஆனால் சாலையை அடைத்துக் கிடந்த புளியமரங்களையும் தூங்குமூஞ்சி மரங்களையும் அந்த வாரம் நின்று பார்த்தேன். சிலவற்றின் அடி உள்ளே கூடாகி இருந்தது. சிலவற்றில் சாலைப் பக்கத்து வேர் எப்போதோ வெட்டப்பட்டிருந்தது. சாலையை அகலமாக்க வேரை அறுக்கிறோம், அடிமரம் வரை தார் போடுகிறோம், மரத்தடியில் குப்பை கொளுத்துகிறோம். புயல் கடைசித் தள்ளு தள்ளியது, அவ்வளவுதான்.

எங்கள் தெருமுனையில் ஒரு புளியமரம் நின்றது. அதன் நிழலில் ஓர் அம்மாள் டீக்கடை வைத்திருந்தார். அடியில் ஒரு பொந்து. மழை பெய்தால் அதைச் சுற்றிக் காளான் பூக்கும். பள்ளிப் பிள்ளைகள் அந்த வழியாகத்தான் போக வேண்டும். மனு எழுதும் பொறுப்பு, முப்பது வருடம் கோப்பு எழுதியவன் என்று என்னிடம் வந்தது. டீக்கடை அம்மாள் என்னிடம் வந்து, "மரம் போனா என் கடையும் போச்சு ஐயா. வெயில்ல எவன் வந்து உக்காருவான்?" என்றார். "உங்க தலையிலயே விழுந்தா என்னம்மா பண்றது?" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் எனக்கு டீயும் கொடுக்கவில்லை.

புரட்டாசியில் கொடுத்த மனுவுக்கு உத்தரவு வரச் சித்திரை ஆனது. அந்த மழைக்காலம் முழுக்க மரம் நின்றது எங்கள் அதிர்ஷ்டம்.

வெட்ட வந்த பெரியவர் முதலில் கோடாரியின் பின்பக்கத்தால் அடிமரத்தைத் தட்டிப் பார்த்தார். "டம்முன்னு கேக்குது பாருங்க சார், உள்ள ஒண்ணுமில்ல" என்றார். பிறகு மேலே ஆள் ஏறி, வடம் கட்டி, கிளைகளை ஒவ்வொன்றாகக் கழித்து இறக்கினார்கள். அடிமரத்தை வயல் பக்கமாகச் சாய்த்தார்கள். உளுந்து எடுத்து முடித்த வயல் வெறுமையாகக் கிடந்தது. மார்கழியில் செய்திருந்தால் கதிர் பிடித்த நெல் மேல் விழுந்திருக்கும். நம் பகுதியில் இந்த வேலைக்குச் சித்திரை, வைகாசிதான் காலம். மேட்டூர் திறந்து வயலில் தண்ணீர் வருவதற்குள் முடித்துவிடலாம்.

காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்ததால் இன்றும் பிரெஞ்சுப் பத்திரிகை புரட்டுவேன். தென் பிரான்சில் கனால் து மிடி என்று 17ஆம் நூற்றாண்டில் வெட்டிய கால்வாய் ஒன்று உண்டு. 240 கிலோமீட்டர் நீளம். அதன் இரு கரையிலும் சுமார் 42,000 பிளாத்தான் மரங்கள் இருந்தன. 2006இல் அங்கே பூஞ்சை நோய் கண்டது. நோய் பிடித்ததையும் அதன் அண்டை மரங்களையும் வெட்டி எரித்தார்கள். ஊரார் அழுதார்களாம். ஆனால் வெட்டிய இடங்களில் வேறு வேறு சாதிக் கன்றுகளை நட்டு வருகிறார்கள். ஒரே சாதி மரமாக இருந்தால் ஒரே நோயில் எல்லாம் போய்விடும் என்று பட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

வயதான மரம் எல்லாம் ஆபத்தான மரம் இல்லை. சாலை விரிவு என்றால் திடமான மரம் ஒரே நாளில் போகிறது. கூடான மரமோ தானாக விழும் வரை நிற்கிறது. சித்திரையில் தட்டிப் பார்த்து எண் போட்டு வைத்தால் இரண்டு தவறும் குறையும்.

டீக்கடைக்குத் தெருக்காரர்கள் சேர்ந்து கீற்றுப் பந்தல் போட்டுக் கொடுத்தோம். பக்கத்தில் ஒரு புங்கன், ஒரு வேம்பு வைத்தோம். ஆடு கடிக்காமல் முள் கட்டியவர் அந்த அம்மாள்தான். பாத்திரம் கழுவிய தண்ணீரையும் அங்கேதான் ஊற்றுகிறார். புங்கன் இப்போது என் தோள் உயரம்.