கலைத்துறை மாணவியின் ஒரு வாரம்



எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். தேர்வு முடிவுகள் வெளிவரும் நாள்களில் பெற்றோர் சிலர் எங்களைத் தேடி வருவதுண்டு. அவர்களின் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியை விட்டுச் சென்று ஐந்தாறு ஆண்டுகள் ஆகியிருக்கும். ஆயினும், படிவ ஆசிரியரிடம் கேட்கத் தயங்குவதைத் தொடக்கப்பள்ளி ஆசிரியரிடம் கேட்டுவிடலாம் என்ற உரிமை அவர்களுக்கு உண்டு. பிள்ளை மருத்துவம், பொறியியல், கணக்கியல் என்றால் கேள்வி எழுவதில்லை. நாடகம், இசை, ஓவியம் என்று சொல்லிவிட்டால்தான் வீட்டில் கலக்கம் பிறக்கிறது. "அங்கே நாள் முழுவதும் என்னதான் செய்வார்கள், சார்?" என்பதே அவர்களின் முதல் கேள்வி.

இக்கேள்வியை ஏளனமாகக் கருதக்கூடாது. அது நியாயமான கேள்வி. பொறியியல் மாணவனின் மேசையில் தடித்த புத்தகம் இருக்கும், பெற்றோர் பார்க்கலாம். நாடகம் பயிலும் மாணவி சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பாள். அல்லது ஒரு நாற்காலியை இருபது முறை தூக்கி வைத்துக்கொண்டிருப்பாள். பார்ப்பவர்க்கு அது படிப்பாகத் தோன்றாததில் வியப்பில்லை.

கிள்ளானைச் சேர்ந்த பாரவுந்து ஓட்டுநர் ஒருவர் என்னிடம் வந்தார். அவருடைய மகள் என் முன்னாள் மாணவி. மலாயாப் பல்கலைக்கழகத்தில் நாடகம் பயில்கிறாள். வளாகத்திற்கு அருகே பந்தாய் டாலாமில் உள்ள ஓர் அடுக்ககத்தில் மூன்று தோழியரோடு வாடகைக்கு இருக்கிறாள். அவளுடைய பங்கு மாதம் 300 வெள்ளி. "கிள்ளானிலிருந்து ரயில் இருக்கிறது, சார். வீட்டிலிருந்தே போய் வரட்டும். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பாள்" என்றார் அந்தத் தகப்பனார்.

நான் உடனே எப்பக்கமும் சாயவில்லை. அம்மாணவியிடம் ஒரே ஒரு வேலையைக் கொடுத்தேன். ஒரு வாரம் முழுவதும், எந்நேரத்தில் என்ன செய்தாள் என்பதை ஒளிக்காமல் எழுதித் தரச் சொன்னேன். அவளுடைய ஒப்புதலோடு, பெயரைத் தவிர்த்து, அதன் சுருக்கத்தை இங்கே தருகிறேன்.

திங்கள்: காலையில் விரிவுரை. நண்பகலுக்குப் பின் குரல் பயிற்சி. மூச்சை அடக்கி, தொண்டை இறுகாமல், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பேசப் பழகுவது. மாலையில் நூலகம். இரவு அறையில் நாடகப் பிரதியை வாசித்துக் குறிப்பெழுதுதல்.

செவ்வாய்: உடல்சார் பயிற்சி. முதியவள் போல் நடப்பதற்கு முதுகைக் கூன வைத்தால் போதாது. உடலின் எடை எந்தக் காலில் விழுகிறது என்பதைக் கற்க வேண்டும் என்று எழுதியிருந்தாள். இரவு 8 மணி முதல் 11 மணி வரை ஒத்திகை.

புதன்: இரண்டு விரிவுரைகள். பிற்பகலில் ஒரு கட்டுரைக்கான வாசிப்பு. இரவு மீண்டும் மூன்று மணி நேர ஒத்திகை.

வியாழன்: பிற்பகல் நான்கு மணி நேரம் மேடைப்பொருள் தயாரிப்பு. பலகை அறுத்தல், சாயம் பூசுதல், கறுப்புத் துணி தைத்தல், எந்த வசனத்தில் எந்த விளக்கு எரிய வேண்டும் என்று பட்டியலிடுதல். இரவு ஒத்திகை. இரவு உணவு மேகி மீ.

வெள்ளி: தொழுகைக்காக நண்பகலில் வகுப்புகள் இல்லாத அந்த நீண்ட இடைவேளையில் சிறுகதை எழுதுகிறாள். மாலையில் அந்தக் கதையைத் தோழியரிடம் வாசித்துக் காட்டி, அவர்கள் கொட்டாவி விட்ட இடங்களை வெட்டுகிறாள்.

சனி: பந்தாய் டாலாமிலிருந்து கொமுட்டரில் மூன்றாவது நிலையமான கே.எல். சென்ட்ரலில் இறங்கி, பிரிக்ஃபீல்ட்ஸ் கடையொன்றில் ஏழு மணி நேரம் வேலை. மாலையில் அதே தடத்தில் கிள்ளானுக்கு வீடு திரும்புதல்.

ஞாயிறு: காலையில் அம்மாவுக்கு உதவி. பிற்பகலில் பாட்டியோடு பேச்சு. மாலையில் அறைக்குத் திரும்புதல்.

இவற்றைக் கூட்டிப் பார்த்தோம். வகுப்புகள் 18 மணி நேரம். ஒத்திகை 9. மேடைப்பொருள் வேலை 4. தனியே வாசித்ததும் எழுதியதும் 14. கடை வேலை 7. ஆக மொத்தம் 52 மணி நேரம். நம் நாட்டு வேலைவாய்ப்புச் சட்டம் 2023ஆம் ஆண்டு முதல் வாரத்திற்கு 45 மணி நேரத்தையே உச்ச வரம்பாக வைத்திருக்கிறது. "அங்கே நாள் முழுவதும் என்ன செய்கிறாள்?" என்ற கேள்விக்கு இந்த எண்ணே போதுமான விடை.

ஆனால் தகப்பனாரின் கேள்வி வாடகையைப் பற்றியது. ஆகவே அந்தக் கணக்கையும் போட்டோம். கிள்ளானில் வீட்டு வாசலிலிருந்து விரிவுரை அறை வரை, காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து, ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டோம். நாளொன்றுக்கு மூன்று, ஐந்து நாள்களுக்குப் பதினைந்து. அவள் தனியே வாசிக்கவும் எழுதவும் செலவிடும் நேரமோ பதினான்கு. வகுப்பைக் குறைக்க முடியாது. ஒத்திகையைக் குறைத்தால் குழு குலையும். எனவே ரயில் விழுங்கப்போவது அந்தப் பதினான்கு மணி நேரத்தைத்தான். ஒரு மாணவி படைப்பாளியாக உருவாவதும் அந்நேரத்தில்தான். மற்றவை அனைத்தும் அதற்கான துணைகளே.

"ரயிலில் படிக்கலாமே" என்பார் சிலர். படிக்கலாம். ஆனால் காலை நெரிசலில் நின்றுகொண்டு எழுத இயலாது. குரல் பயிற்சி செய்யவும் இயலாது. அதைவிட, இரவு 11 மணிக்கு ஒத்திகை முடிந்த பின் கிள்ளானுக்குத் தனியே பயணம் செய்வதை எந்தத் தகப்பனாரும் விரும்பமாட்டார்.

பணக் கணக்கும் உண்டு. குறைந்தபட்ச ஊதியம் 1,700 வெள்ளியாக உயர்ந்த பிறகு, மணிக்கணக்கில் அது 8 வெள்ளி 72 காசு. சனிக்கிழமை ஏழு மணி நேரத்திற்கு 61 வெள்ளி 4 காசு. நான்கு சனிக்கிழமைகளுக்கு 244 வெள்ளி 16 காசு. அறை வாடகையில் மீதி நிற்பது 55 வெள்ளி 84 காசு. நாள்தோறும் போய் வந்தாலும் பயணச் செலவு இருக்கத்தானே செய்யும்?

அந்தத் தாளைத் தகப்பனார் நெடுநேரம் பார்த்தார். பிறகுதான் மனத்தில் இருந்ததைச் சொன்னார். "பணம் இல்லை, சார். ராத்திரி பதினொரு மணிக்கு அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. நான் வண்டியில் இருப்பேன். தூக்கம் வராது."

வாடகை என்று தொடங்கிய பேச்சின் வேர் இங்கேதான் இருந்தது. பெண் பிள்ளையைப் பெற்றவரின் இந்த அச்சத்தைப் பழமைவாதம் என்று ஒதுக்குவது எளிது, நான் ஒதுக்கவில்லை. மகளும் ஒதுக்கவில்லை. ஒத்திகை அட்டவணையை ஒவ்வொரு மாதமும் வீட்டுக்கு அனுப்புவது, நான்கு தோழியரும் சேர்ந்தே அறைக்குத் திரும்புவது, வந்து சேர்ந்ததும் அப்பாவுக்குக் குறுந்தகவல் அனுப்புவது என்று அவளே மூன்று வழிகளைச் சொன்னாள். இந்தப் பருவம் முடியும் வரை அறை இருக்கட்டும் என்றார் அவர். முழுச் சம்மதம் என்று அதைச் சொல்ல முடியாது. ஆயினும் கதவு மூடப்படவில்லை.

இனி, அந்தத் தாளில் பெற்றோரும் ஆசிரியரும் எளிதில் தவறவிடக்கூடிய ஒரு வரியைச் சுட்ட விரும்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை, 'பாட்டியோடு பேச்சு.' வீட்டார் அதை வெட்டிப் பேச்சு என்றே நினைத்திருந்தார்கள். உண்மையில் அவ்வாரத்தின் மிக முக்கியமான வேலை அதுவே. அவள் தனிநபர் நாடகம் ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருக்கிறாள். அதன் நாயகி, கித்தாக் காட்டில் பால்மரம் வெட்டிய ஒரு பெண். விடியுமுன் பெரட்டுக்குப் போனது, மங்கு துடைத்தது, ஒட்டுப்பால் சேகரித்தது, மழை பெய்தால் அன்றைய கூலி போனது என எல்லாவற்றையும் பாட்டியின் வாயிலிருந்து கேட்டுக் குறித்துக்கொள்கிறாள்.

'பெரட்டு' என்ற சொல்லை மலாய், சீன நண்பர்களுக்கு எப்படி விளக்குவது என்று அவள் திணறியிருக்கிறாள். தோட்டத்துரைமார்களின் 'பரேட்' என்ற ஆங்கிலச் சொல்லே நம் மக்களின் நாவில் பெரட்டு ஆனது. இருட்டில் வரிசையாக நின்று பெயர் கொடுப்பது. மொழிபெயர்ப்பைக் கைவிட்டு, மேடையில் இருளில் வரிசையாக வாளிகளை வைத்து அவற்றைப் பெயர் சொல்லி அழைக்கும் காட்சியாக அதை மாற்றிவிட்டாள். இந்தத் தீர்வு ஒரு புதன்கிழமை இரவு, ஒத்திகை முடிந்து நடந்து வரும்போது தோன்றியதாம். நூலகத்தில் இருந்த நேரமும் பாட்டியிடம் கேட்ட நேரமும் நாற்காலியைத் தூக்கி வைத்த நேரமும் சேர்ந்துதான் அந்த நொடி பிறந்திருக்கிறது.

நம் மூத்த எழுத்தாளர்களுக்கு இப்படிப்பட்ட அறையும் நேரமும் கிடைக்கவில்லை. 1950களின் தொடக்கத்தில் தமிழ் நேசன் நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு நடத்தினார்கள். தமிழ் முரசின் மாணவர் மணிமன்றம் ஒரு தலைமுறையையே எழுத வைத்தது. தோட்டத்திலும் பள்ளியிலும் உழைத்த பின், மண்ணெண்ணெய் விளக்கில் எழுதி அஞ்சலில் அனுப்பியவர்கள் அவர்கள். பின்னர் மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவையின் சிறுகதைப் போட்டியும் 'பேரவைக் கதைகள்' தொகுப்புகளும் வந்தன. பத்திரிகைப் பக்கமோ போட்டியோ வகுப்போ, எழுதுபவனுக்கு யாரோ ஓர் இடத்தை ஒதுக்கித் தந்திருக்கிறார்கள். தமிழ் நேசன் 2019இல் நின்றுவிட்டது. அந்த இடங்கள் குறையுந்தோறும் வீட்டின் பொறுப்பும் பள்ளியின் பொறுப்பும் கூடுகின்றன.

சக ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்டது. ஆனால் மாதிரிக் கட்டுரையை மனனம் செய்யும் வழக்கம் முற்றாக அகன்றுவிடவில்லை. கதை சொல்லும் போட்டியில் பெரியவர்கள் எழுதிய கதையைப் பிள்ளை ஒப்புவித்துப் பரிசு வாங்குகிறது. பிள்ளை தன் பாட்டியிடம் கேட்ட கதையைத் தட்டுத்தடுமாறிச் சொன்னால் பரிசு கிடைக்காமற் போகலாம். அப்படியிருந்தும் அவ்வாறு சொல்ல ஆண்டுக்கு ஒரு வாய்ப்பாவது கொடுங்கள். அக்கதையைக் கேட்க வகுப்பில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

பெற்றோர்க்கும் ஒன்று. "என்ன செய்கிறாய்?" என்று பிள்ளையிடம் கேட்பதற்குப் பதிலாக, "இந்த வாரம் என்ன செய்தாய், எழுதிக் காட்டு" என்று கேளுங்கள். வீணாக்கிய நேரம் இருந்தால் அத்தாளே காட்டிக்கொடுத்துவிடும். உழைத்திருந்தால் அதையும் காட்டும். அதற்குப் பின் வாடகையைப் பற்றிப் பேசலாம். இரவு நேரத்தைப் பற்றிப் பேசலாம். உங்கள் அச்சத்தைப் பற்றியும் தாராளமாகப் பேசலாம்.