கல்லாவில் நிற்பவர்

கடை வேலையில் மாற்றம் சொல்லிவிட்டு வருவதில்லை. 2016 நவம்பர் 8 இரவு, பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. மறுநாள் காலை அந்த நோட்டை நீட்டியவர்களிடம் திட்டு வாங்கியவர் கல்லாவில் நின்றவர்தான். 2017 ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி. பில்லில் இதென்ன சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று கேட்டவர்களுக்கும் அவரே பதில் சொல்ல வேண்டும். அவருக்கே அது புதுசு! "கேட்டுச் சொல்றேன் சார்" என்றுதான் சமாளிக்க முடியும். அதில் கேவலம் ஒன்றுமில்லை.

2021-ல் ஒரு நல்ல மாற்றமும் வந்தது. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டது. ஆனால் நாள் முழுக்க நின்றே பழகியவர்களுக்கு இது வேறு மாதிரி குழப்பம். நாற்காலி இருக்கிறது, சரி... முதலாளி பார்க்கும்போது உட்காரலாமா?