சம்பளம் எந்தத் தேதி?

ஐந்து மாதங்களுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு. புக்கிட் தெங்காவில் ஒரு மாமாக் கடையில் நானும் என் அக்கா மகனும் உட்கார்ந்திருந்தோம். பெரிய திரையில் இங்கிலாந்து ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. எப்போதும் கண்ணை எடுக்காமல் பார்ப்பவன் அன்று திரைப் பக்கமே திரும்பவில்லை. கைப்பேசியை என் முன்னால் வைத்தான்.

"மாமா, கிளப்புலேர்ந்து வந்துடுச்சு. மாசம் மூவாயிரம் வெள்ளி. ஒரு வருஷ ஒப்பந்தம்."

அவனுக்கு 19 வயது. பத்து காவானில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன் வேலை. ஷிப்ட் அலவன்ஸ், ஓவர்டைம் எல்லாம் சேர்த்தாலும் அவ்வளவு வராது. கிளப் இருப்பதோ வேறு மாநிலத்தில். அக்கா முதல் நாளே எனக்குப் போன் செய்திருந்தார். "நீதானே தம்பி கணக்கு வழக்குத் தெரிஞ்சவன். போகலாமா வேணாமான்னு நீயே சொல்லு."

நான் ஜூரு பக்கம் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மாதாமாதம் இருநூறு பேருக்குச் சம்பளம் போடுவது என் வேலை. அந்தப் பழக்கத்தில் ஒரே ஒரு கேள்விதான் வாயில் வந்தது.

"சம்பளம் எந்தத் தேதி போடுவாங்க?"

அவன் சிரித்தான். "மாமா, எந்தப் பொசிஷன்ல ஆடப் போறேன்னுகூட நீங்க கேக்கல!"

நான் சிரிக்கவில்லை. காரணம் தெரிய வேண்டுமென்றால், இங்கிருந்து நெடுஞ்சாலையில் வடக்கே போய் அலோர் ஸ்டாரைப் பார்த்தால் போதும். கெடா குழு 2019இல் எஃப்ஏ கிண்ணத்தை வென்றது. 2020, 2021 இரண்டு ஆண்டும் சூப்பர் லீக்கில் இரண்டாம் இடம். அப்படிப்பட்ட குழு சம்பள பாக்கியில் சிக்கியது, புள்ளிகளை இழந்தது. கடைசியில் 2025-26 பருவத்துக்கு அதற்கு உரிமமே கிடைக்கவில்லை. அதே பருவத்தில் பேராக்கும் ஸ்ரீ பகாங்கும் தாங்களாகவே விலகிக்கொண்டன. பேராக் 2018இல்தான் மலேசியக் கிண்ணத்தைத் தூக்கியது. அதற்கும் முன்னால், 2023 பருவத்துக்கு மலாக்கா யுனைடெட்டும் சரவாக் யுனைடெட்டும் உரிமம் பெற முடியாமல் போயின. இவை ஏதோ பெயர் தெரியாத குழுக்கள் அல்ல. நம் வீட்டுப் பெரியவர்கள் வானொலியில் கேட்டு வளர்ந்த மாநிலங்கள்.

"ஆனா மாமா, ஐரோப்பாவுல நூறு மில்லியன் கொடுத்து ஆள் வாங்குறாங்களே, அவங்களுக்கு மட்டும் எப்படிக் கட்டுப்படியாகுது?" என்றான்.

நியாயமான கேள்வி. கடைக்காரர் கொடுத்த பில்லின் பின்பக்கத்தில் அவனுக்கு எழுதிக் காட்டினேன்.

2023 ஜனவரியில் செல்சி, பென்ஃபிக்காவிடமிருந்து என்ஸோ பெர்னாண்டஸை ஏறக்குறைய 107 மில்லியன் பவுண்டுக்கு வாங்கியது. ஒப்பந்தம் எட்டரை ஆண்டு. கணக்குப் புத்தகத்தில் அந்தத் தொகை ஒரே ஆண்டுச் செலவாக ஏறாது. எட்டரை ஆண்டுக்குப் பிரித்து எழுதுவார்கள். ஆண்டுக்குச் சுமார் 12.5 மில்லியன்தான் செலவாகத் தெரியும். நாம் மைவி வாங்கி ஒன்பது வருடம் தவணை கட்டுகிறோமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. பாதியில் அந்த ஆட்டக்காரரை விற்றால் பணம் திரும்பி வரும். ஆளே ஒரு சொத்து.

இப்படி நீட்டி நீட்டி எழுதுவது எல்லை மீறியதால் அதே ஆண்டு ஐரோப்பியக் காற்பந்துச் சங்கமான யூஃபா, எவ்வளவு நீண்ட ஒப்பந்தமானாலும் ஐந்து ஆண்டுக்கு மேல் பிரிக்கக் கூடாது என்று கட்டுப்படுத்தியது. தன் போட்டிகளில் ஆடும் குழுக்கள் சம்பளம், ஆள் வாங்கும் செலவு, ஏஜெண்ட் கமிஷன் மூன்றுக்கும் சேர்த்து வருமானத்தில் 70 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற விதியையும் படிப்படியாகக் கொண்டுவந்தது. இங்கிலாந்தில் எவர்டன் நட்ட வரம்பை மீறியதால் 2023-24 பருவத்தில் மொத்தம் எட்டுப் புள்ளிகளை இழந்தது.

"நம்ம ஊர்ல ஆள் வாங்குற செலவே அவ்வளவா இல்லையே?"

அங்கேதான் சிக்கல். நம் லீக்கில் பெரும்பாலான ஒப்பந்தங்கள் ஓராண்டு, மிஞ்சினால் இரண்டாண்டு. பருவம் முடிந்ததும் ஆட்டக்காரர் சும்மா கிளம்பிப் போவார். கிளப்புக்குக் கையில் ஒன்றும் மிஞ்சாது. அங்கே பாதியில் விற்க ஒரு வண்டியாவது இருக்கும். இங்கே நாம் கட்டுவது வாடகை. வரவு எங்கிருந்து என்று பார்த்தால் மாநில அரசின் உதவி, ஓரிரு ஸ்பான்சர்கள், லீக் நிர்வாகத்தின் பங்கு, டிக்கெட் பணம். இதில் டிக்கெட் பணம்தான் சின்னது. ஸ்பான்சர் கையெழுத்துப் போடும் முன்பே, அந்தப் பணத்தை நம்பி ஆட்டக்காரருக்கு ஒப்பந்தம் போட்டுவிடுகிறார்கள். சம்பள பாக்கி அன்றைக்கே ஆரம்பித்துவிடுகிறது. நமக்குத் தெரிய வருவது ஆறு மாதம் கழித்து.

ஆசைப்படுவதில் தப்பில்லை. 1998இல் பினாங்கு லீக் வெற்றியாளரானபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பா என்னை மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏற்றி, பட்டர்வொர்த்தில் பெர்ரி பிடித்து, தீவுக்குச் சிட்டி ஸ்டேடியத்துக்குக் கூட்டிப் போவார். நீலமும் மஞ்சளும் கலந்த கூட்டம். எல்லோரும் எழுந்து 'பாரிசான் கீத்தா' பாடும்போது மலாய்க்காரர், சீனர், தமிழர் யார் குரல் எது என்று பிரிக்க முடியாது. மொரோக்கோவிலிருந்து வந்த மெர்சாகுவாவை எங்கள் தெருப் பையன் போலத்தான் நினைத்தோம். ஆசை இல்லாத குழுவுக்காக அந்த நேரத்தில் யார் பெர்ரி ஏறுவார்கள்?

ஆனால் பினாங்கின் ஏற்ற இறக்கத்தையும் பாருங்கள். 2016 பிப்ரவரியில் அதே ஸ்டேடியத்தில் பகாங்கிற்கு எதிராக ஃபைஸ் சுப்ரி அடித்த ஃப்ரீ கிக், அந்த ஆண்டின் சிறந்த கோலுக்கான ஃபிஃபாவின் புஸ்காஸ் விருதை வாங்கியது. அதற்கடுத்த 2017 பருவத்தில் பினாங்கு கடைசி இடம் பிடித்துத் தரமிறங்கியது. 2020இல் இரண்டாம் நிலை லீக்கை வென்று மேலே வந்து, 2021இல் சூப்பர் லீக்கில் மூன்றாம் இடம். மறுபடி 2022இல் கடைசி இடம். ஓராண்டு ஒப்பந்தங்களால் கட்டிய வீட்டில் ஒவ்வோர் ஆண்டும் அஸ்திவாரத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

ஜொகூர் மட்டும் எப்படி என்று கேட்பீர்கள். 2014 முதல் 2024-25 வரை தொடர்ந்து 11 முறை லீக் வெற்றி. ஆதரவுக்குப் பெரிய கை இருக்கிறது, உண்மைதான். ஆனால் அந்தப் பணம் ஆட்டக்காரர் சம்பளமாக மட்டும் கரையவில்லை. ஸ்டேடியம், பயிற்சி மையம், இளையோர் குழு என்று தரையில் நிற்கும் பொருளாகவும் ஆனது.

நம்மவர்களோடு தொடர்புடைய கதையும் ஒன்று உண்டு. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் மீஃபா குழு 2017இல் இரண்டாம் நிலை லீக்கில் நுழைந்தது. 2019இல் பிஜே சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக்குக்கே வந்தது. 2021இல் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல், உள்ளூர்ப் பையன்களை மட்டும் வைத்து ஆடித் தரமிறங்காமல் தப்பியது. 2022இல் 12 குழுக்களில் ஒன்பதாம் இடம். சிக்கனத்துக்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பருவத்தோடு அதுவும் லீக்கிலிருந்து விலகிவிட்டது. சிக்கனம் மட்டும் போதாது. ஒரே தூணில் நிற்கும் கூரை, தூண் நகர்ந்தால் இறங்கிவிடும்.

இவ்வளவும் சொல்லி முடித்தேன். தே தாரிக் ஆறிப்போயிருந்தது. அவன் பில்லை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "நம்ம டீமும் அப்படித்தானே மாமா போச்சு?" என்றான்.

இதை அவன் கேட்பான் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

எட்டு வருடத்துக்கு முன்பு எங்கள் குடியிருப்பில் ஒரு காற்பந்துக் குழு இருந்தது. நான்தான் பொருளாளர். கடைக்காரர்களிடமும் தெரிந்தவர்களிடமும் வசூலித்த 6,000 வெள்ளி கையிருப்பு. அது சனிக்கிழமை தோறும் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பதினெட்டுப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கச் சேர்த்த பணம். பயிற்சியாளருக்கு மாதம் 400 வெள்ளி கொடுத்தோம்.

அந்த வருடம் ஒரு போட்டி வந்தது. வெளியிலிருந்து மூன்று நல்ல ஆட்டக்காரர்களை இறக்கினால் கிண்ணம் நமக்குத்தான் என்றார்கள். ஓர் ஆட்டத்துக்கு ஆளுக்கு 250 வெள்ளி. ஐந்து ஆட்டம். அதுவே 3,750. ஜெர்சி, வேன், சாப்பாட்டுக்கு 1,500. ஜெயித்தால் 5,000 வெள்ளி தருவதாக ஒருவர் மேடையிலேயே அறிவித்தார். அந்த வாக்கை நம்பி நான் கையெழுத்துப் போட்டேன். கணக்கு படித்தவன், இன்னும் வராத பணத்தை வரவில் எழுதினேன்.

ஜெயித்தோம். பரிசுப் பணம் 3,000. அதை அன்று இரவே பதினைந்து ஆட்டக்காரருக்கும் ஆளுக்கு 200 என்று பிரித்துக் கொடுத்தோம். அறிவித்த 5,000 வரவே இல்லை. கையில் மிஞ்சியது 750. பயிற்சியாளருக்கு ஒரு மாதம் முழுதாகக் கொடுத்தேன், மறுமாதம் 350 கொடுத்தேன். மூன்றாம் மாதம் அவர் வரவில்லை. அவர் மேல் தப்பில்லை. கிண்ணம் இன்னும் என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. மனைவி தூசி தட்டுவார், நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

"அந்தப் பதினெட்டுப் பேர்ல நானும் ஒருத்தன் மாமா" என்றான். குற்றம் சொல்லும் குரலில் இல்லை. "பூட்ஸ் போட்டுக்கிட்டு நாலு சனிக்கிழமை திடல்ல வந்து நின்னோம்."

எனக்குப் பேச்சு வரவில்லை. போகாதே என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை என்பது மட்டும் அப்போது புரிந்தது. விசாரித்துக் கொடுக்கும் கடமை இருந்தது. இரண்டு பேரும் உட்கார்ந்து மூன்று கேள்வி எழுதினோம். சம்பளம் எந்தத் தேதி? போன வருடம் இபிஎஃப் ஒழுங்காகக் கட்டினார்களா? பெரிய ஸ்பான்சர் பாதியில் விலகினால் சம்பளத்துக்கு யார் பொறுப்பு?

முதல் கேள்விக்கு ஒப்பந்தத்திலேயே பதில் இருந்தது: மாதம் 28ஆம் தேதி. இரண்டாவதற்கு, அங்கே போன பருவம் ஆடிய ஒருவர் தன் இபிஎஃப் கணக்கைக் கைப்பேசியில் திறந்து காட்டினார். முதலாளி ஒரு மாதத்துக்கான சந்தாவை அடுத்த மாதம் 15க்குள் கட்ட வேண்டும். இரண்டு மாதம் தாமதம், மற்றபடி எல்லாம் ஏறியிருந்தது. மூன்றாவதற்கு, "அதையெல்லாம் நீ ஏன் தம்பி கேக்குற?" என்ற பதில் கிடைத்தது. அதுவும் ஒரு பதில்தான்.

அவன் போக முடிவெடுத்தான். அக்கா ஒரே நிபந்தனை போட்டார்: "ரெண்டு மாசம் சம்பளம் வரலன்னா பையைத் தூக்கிக்கிட்டு வந்துடணும்." அக்காவுக்குத் தெரியாது, ஃபிஃபா விதியும் ஏறக்குறைய அதையே சொல்கிறது. இரண்டு மாதச் சம்பளம் பாக்கி என்றால், எழுத்து மூலம் 15 நாள் அவகாசம் கொடுத்துவிட்டு ஆட்டக்காரர் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். அந்தக் கடிதத்தை எப்படி எழுதுவது என்று ஒரு மாதிரி தயாரித்து அவன் கைப்பேசிக்கு அனுப்பினேன். தேவைப்படக் கூடாது என்றுதான் அனுப்பினேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு 28ஆம் தேதியும் அலுவலகத்தில் இருநூறு பேருக்குச் சம்பளம் போட்டு முடித்ததும் கைப்பேசியை எடுக்கிறேன். முதல் மாதம் அன்றைக்கே "வந்துடுச்சு மாமா" என்று செய்தி. இரண்டாம் மாதம் 30ஆம் தேதி. மூன்றாவது, அடுத்த மாதம் 9ஆம் தேதி. நான்காவது இன்னும் வரவில்லை. இன்று தேதி 5.

சனிக்கிழமை அவன் ஆட்டத்துக்கு அக்காவும் நானும் போகிறோம். இரண்டு இலவச டிக்கெட் எடுத்து வைக்கிறேன் என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காசு கொடுத்தே வாங்கியிருக்கிறோம்.