அந்தப் பெட்டியைத் திறங்க பாஸ்!

கோவை காந்திபுரத்தில் கணபதி போகிற டவுன் பஸ் பிடிங்க. டெக்ஸ்டூல் தாண்டி இறங்கி, ஏதாவது ஒரு சந்துக்குள் நுழைஞ்சா போதும். யார்கிட்டயும் வழி கேட்க வேண்டாம், காதே கூட்டிட்டுப் போகும். ஒரு பட்டறையில் 'க்ர்ர்ர்...', அடுத்ததில் 'டங்... டங்...', நடுவில் ஒரு டீக்கடை. கட்டிங் ஆயில் வாசனை ஃப்ரீ!

1888-ல் இந்த ஊருக்கு முதல் பஞ்சாலை வந்தது. 1930-களில் பைக்காரா கரன்ட் வந்தது. மில்லுக்கு ஸ்பேர், கிணத்துக்கு பம்ப்செட் என்று பட்டறைகளும் பின்னாலேயே முளைச்சது. அந்த வரலாறு உங்களுக்கே தெரியும். நாம போறது பழைய லேத் விக்கிற ஒரு குடோனுக்கு.

உள்ளே ஒருத்தர் மெஷின் பார்த்துட்டு இருக்கார். பதினெட்டு வருஷம் அடுத்தவங்க பட்டறையில் லேத் ஓட்டினவர். வீட்டு நகையை அடகு வெச்சு, சொந்தமா முதல் லேத் வாங்க வந்திருக்கார். ஹரிஹர்ல செஞ்ச பழைய மைசூர் கிர்லோஸ்கர். பெட்டைத் தடவிப் பார்த்தார், சக்கைக் கையால சுத்தினார். அப்புறம் குனிஞ்சு, மெஷினுக்கு அடியில் கிடந்த துருப்பிடிச்ச பெட்டியை இழுத்தார்.

"ஏனுங்ணா, இந்தப் பெட்டி?"

"அது மெஷினோட வந்த பழைய சாமானுங்க. வேணும்னா கிலோ கணக்குல போட்டுக்கலாம்."

இங்கதான் ஆட்டமே! நீங்களும் குனிஞ்சு பாருங்க.

முதல்ல, பல்சக்கரங்கள். ஒவ்வொண்ணா பல்லை எண்ணுங்க. 127 பல் உள்ளது ஒண்ணு கிடைச்சா விசில் அடிக்கலாம். ஒரு இன்ச் 25.4 மில்லிமீட்டர். அதை அஞ்சால பெருக்குங்க... 127! இன்ச் லீட் ஸ்க்ரூ உள்ள லேத்தில் மில்லிமீட்டர் மரை துல்லியமா வெட்ட இந்தச் சக்கரம் வேணும். 127 பகா எண், அதனால சின்னச் சக்கரத்தை வெச்சு சரிக்கட்ட முடியாது. ஆனா இது இந்த மெஷினோடதுதானா? வெளிவிட்டத்தை அளந்து, பல் எண்ணிக்கையோட ரெண்டைக் கூட்டி வகுங்க. வர்றது மாட்யூல். மத்த சக்கரங்களோட மாட்யூலும், நடு ஓட்டையும் ஒத்துப்போனா ஓகே. செமஸ்டருக்கு மனப்பாடம் பண்ண ஃபார்முலா, குடோன்ல காசாகுது பாருங்க!

அடுத்து, மூணு விரல் நீட்டின இரும்பு வளையம். அது ஸ்டெடி ரெஸ்ட். பெட் மேல நின்னு, நீளமான ஷாஃப்ட் ஆடாம தாங்கிப் பிடிக்கும். ரெண்டு விரல் மட்டும் இருந்தா அது ஃபாலோ ரெஸ்ட். கேரேஜ்ல உட்கார்ந்து டூல் கூடவே நகரும். பம்ப் ஷாஃப்ட் கடையற ஊர்ல ரெண்டுமே தங்கம். ஆனா சென்டர் உயரம் வேற மெஷினோடதா இருந்தா பொருந்தாது.

வாட்ச் மாதிரி டயல், அடியில் குட்டிப் பல்சக்கரம்? மீட்டர்னு ஒதுக்கிடாதீங்க. மரை வெட்டும்போது, 'இப்போ லீவரைப் போடு'ன்னு நேரம் காட்டுற த்ரெட் டயல் அது.

டிகிரி கோடு போட்ட நீளமான பட்டை? டேப்பர் அட்டாச்மென்ட். பெட்டுக்குப் பின்னாடி மாட்டணும். இதைத்தான் நிறைய பேர் பழைய இரும்புன்னு தூக்கி எறியறாங்க.

தனியா கிடக்கிற சக் ஜாவில் 1, 2, 3-ன்னு நம்பர் இருக்கும். மூணும் இருக்கா, சக்கில் உள்ள சீரியல் நம்பரோட ஒத்துப்போகுதான்னு பாருங்க. வேற சக்கோட ஜாவை மாட்டினா சென்டர் வராது.

கூம்பு கூம்பா கிடக்கிறது மார்ஸ் டேப்பர் ஸ்லீவும் சென்டரும். பெரிய முனையை வெர்னியரில் அளங்க. 17.8 மி.மீ. பக்கம் வந்தா ரெண்டாம் நம்பர், 23.8 வந்தா மூணு, 31.3 வந்தா நாலு.

எல்லாம் எடுத்தாச்சா? அவர் மாதிரியே மூணு குவியல் போடுங்க. இந்த மெஷினுக்கு மட்டுமே பொருந்துறது, எந்த மெஷினுக்கும் ஆகுறது, வேற மெஷினோடது. முதல் குவியலுக்குத்தான் நிஜமான மதிப்பு. கிர்லோஸ்கரின் அந்த கம்பெனி மூடி வருஷக்கணக்கா ஆச்சு. கடையில் கேட்டு வாங்க முடியாது. புதுசா செஞ்சுக்க எவ்வளவு ஆகும்னு கணக்குப் போடுங்க, அதான் விலை. ரெண்டாவது குவியலுக்கு கடையில் புதுசோட விலையைக் கேட்டு, தேய்மானத்தைக் கழிங்க. மூணாவது, அந்த மெஷின் வெச்சிருக்கிற ஆள் கிடைக்கிற வரைக்கும் வெறும் இரும்பு.

அவர் சத்தமே போடலை. "மெஷின், பெட்டி ரெண்டுக்கும் சேர்த்து ஒரே விலை சொல்லுங்ணா" என்றார். அரை மணி நேரப் பேரம், ரெண்டு டீ. பெட்டியும் வண்டியில் ஏறிடுச்சு. அன்னைக்கு அந்தப் பெட்டி கிலோ கணக்குல போயிருந்தா, மில்லிமீட்டர் மரை ஆர்டர் வர்றப்போ எல்லாம் அவர் பக்கத்துப் பட்டறை வாசல்ல நிக்கணும்.

பட்டறை மூடும்போது லேத் ஒருத்தர்கிட்டயும் பெட்டி இன்னொருத்தர்கிட்டயும் போயிட்டா, ரெண்டுமே பாதி உயிர்தான். எது எதோடதுன்னு சொல்லத் தெரிஞ்ச பெரியவங்களும் ஒவ்வொருத்தரா ரிட்டயர் ஆகிட்டு இருக்காங்க.

உங்க காலேஜ் வொர்க்‌ஷாப் மூலையிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கும். இன்ஸ்ட்ரக்டர் ரிட்டயர் ஆகுறதுக்குள்ள, ஒரு நோட்டும் வெர்னியரும் எடுத்துட்டுப் போய்க் கேட்டு வெச்சுக்கங்க பாஸ்!